பத்திரமும் பதினாறு புளியங்கொட்டையும்

2024 செப்டம்பர் எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானம் மூடியிருந்தது, மழை இல்லை, புழுக்கம். வடமதுரையில் என் தம்பி வீட்டுக் கூடத்தில் என்னையும் சேர்த்துப் பதினேழு பேர் இருந்தோம். தம்பி மகளுக்குப் பூ வைத்து உறுதி செய்ய ஆயக்குடியிலிருந்து ஒன்பது பேர் வந்திருந்தார்கள். அந்தப் பதினேழு பேர் நடுவில் நான் என் தம்பியைத் திருடன் ஆக்கினேன்.

திருடன் என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. நான் சொன்னது இதுதான்: "எம்பத்திரத்த வச்சுக்கிட்டு இல்லேங்குறவன் வீட்ல பொண்ணெடுக்க வந்திருக்கீங்க, பாத்து நடந்துக்கங்க." மொத்தம் எட்டுச் சொற்கள். ஒன்றில்கூடத் திருடன் இல்லை என்று என் மனைவியிடம் பிறகு எடுத்துச் சொன்னேன்.

"எட்டையும் சேத்துக் கேட்டா அதுதான வருது" என்றாள்.

மாப்பிள்ளையின் அப்பா ஆயக்குடியில் கொய்யாத்தோப்பு வைத்திருப்பவர். மெதுவாகப் பேசுகிறவர். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க, பத்திரம்னா எந்தப் பத்திரமுங்க?" என்றார். நான் விடாமல் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுக்கொண்டு, "பொரட்டாசி வேற வருதுங்க. ஐப்பசில பாத்துக்கலாமுங்க" என்று எழுந்தார். கொண்டுவந்த பூ, கொண்டுவந்த தாம்பாளத்திலேயே திரும்பிப் போனது. தம்பி மகள் பட்டுப்புடவையோடு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கதவுக்குக் கீழே அவள் கால்விரல்கள் தெரிந்தன. அவற்றை மட்டும் நான் எண்ணவில்லை.

தம்பி என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம். "அண்ணே, நீங்க பஸ்ஸுக்குக் கெளம்புங்க."

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வயது அறுபத்தொன்பது. படித்தது கணிதம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் டைம் கீப்பராக இருந்தேன். கேட்டில் உட்கார்ந்து யார் எத்தனை மணிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று குறிப்பது வேலை. தலையில் துண்டு, முகமெல்லாம் பஞ்சுத்தூசி என்று ஓர் ஆள் வருவார். ஒரு காது மட்டும்தான் தெரியும். நான் டோக்கன் எண்ணைச் சொல்லிவிடுவேன். எண்ணூற்று நாற்பது டோக்கன்கள். இதனால் என் ஞாபகத்தைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது ஒரு தொல்லையாக இருந்தது. மாடிப்படி பத்தொன்பது, முருங்கையில் காய் இருபத்தாறு, மனைவி ஒரு வேளைக்குப் போடும் பெருமூச்சு நான்கு என்று சொல்லிக்கொண்டே இருப்பவனோடு குடித்தனம் நடத்துவது எளிதல்ல.

பத்திரம் என்றது திண்டுக்கல்லில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மனையின் மூலப்பத்திரம். மகன் மாடி எடுக்க வங்கியில் கடன் கேட்டான். மூலப்பத்திரம் கொண்டுவாருங்கள் என்றார்கள். பீரோவில் இல்லை. நான் கொஞ்சம்கூடப் பதறவில்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தம்பியிடம் இருக்கிறது. கொடுத்தது நானேதான்.

அந்தக் காட்சி இப்போதும் கண்முன்னால் நிற்கிறது. கொட்டுகிற மழை. வடமதுரை பேருந்து நிறுத்தம். தம்பி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கிறான். நான் மஞ்சள் துணிப்பைக்குள் கைவிட்டு, பிளாஸ்டிக் உறையில் இருந்த பத்திரத்தை எடுத்து நீட்டுகிறேன். "நனையாமப் பாத்துக்கடா" என்கிறேன். அவன் "சரிண்ணே" என்று சட்டைக்குள் செருகிக்கொள்கிறான். பழைய டிக்கெட் ஒன்று அவன் காலடியில் தண்ணீரில் சுற்றுகிறது. இப்படி மொத்தம் பதினோரு விவரங்கள். பொய் சொல்கிறவனிடம் பதினோரு விவரங்கள் இருக்குமா? இருக்காது. ஆகவே பொய் சொல்வது தம்பிதான். மூன்று வாரத்தில் ஏழு முறை போனில் கேட்டேன். ஏழு முறையும், "அண்ணே, நீங்க எங்கிட்ட உங்க பத்திரம் எதுவும் குடுக்கல" என்றான். எட்டாம் முறையாக அன்று அடுப்படியில் வைத்துக் கேட்டேன். "இன்னிக்கு வேணாம்ணே" என்றான். நான் அதை ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். மீதியைச் சொல்லிவிட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு தம்பி போனை எடுக்கவில்லை. ஆயக்குடியிலிருந்தும் செய்தி இல்லை. தம்பி மகளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருந்தது என்று என் மனைவி சொன்னாள். இருவரும் கோயம்புத்தூரில் ஒரே இடத்தில் வேலை. பெண்ணே சொல்லி, பெரியவர்கள் பேசி, ஓர் ஆண்டு காத்திருந்து வந்த சம்பந்தம். "வாயத் தொறந்து ஒரு நிமிசத்துல முடிச்சு வச்சுட்டீங்க" என்றாள். நாற்பது வினாடிதான் என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டேன். என் வாழ்நாளில் நான் அடக்கிக்கொண்ட எண்களில் அதுவும் ஒன்று.

மருமகள், பக்கத்தில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி ஆசிரியை. அடுத்த வாரம் அவள் கூடத்துச் சிமெண்டுத் தரையில் புளியங்கொட்டைகளை உரசிக்கொண்டிருந்தாள். தாயம் விளையாட உரசுவார்களே, அப்படி ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கறுப்பு. மொத்தம் பதினாறு.

"என்னம்மா, காலேஜுல தாயமா?"

"இல்ல மாமா. மூளை மாதிரி வேல செய்யுற கணினி பத்திப் பாடம். பசங்க புரோகிராம் போட்டுப் பாத்துட்டுப் புரிஞ்சிருச்சுன்னு சொல்லுறாங்க, ஒண்ணும் புரியல. கையால செஞ்சு காட்டப்போறேன். நூத்தி இருவது ஜோடிக்குக் கணக்குப் போடணும். எனக்கு இன்னிக்கு நேரமே இல்ல."

நூற்றிருபது ஜோடி என்றதும் நான் கண்ணாடியைத் துடைத்தேன். இதை அவள் வேண்டுமென்றேதான் சொன்னாளா என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் ஆமாம் என்பாள்.

அவள் சொன்ன விவரம் இது. சாதாரணக் கணினி ஞாபகம் வைப்பது பீரோவில் துணி வைப்பது போல. மூன்றாம் தட்டு, இடது மூலை என்று இடம் தெரிந்தால்தான் எடுக்க முடியும். நம் மூளை அப்படி இல்லை. அதற்குத் தட்டும் கிடையாது, மூலையும் கிடையாது. ஒரு துண்டைக் காட்டினால் மீதி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு காதைப் பார்த்து டோக்கன் எண் வந்தது அப்படித்தான். அதே மாதிரி ஒரு கணினியை அமைக்கலாம். நினைவு எந்த விதையிலும் இருக்காது. விதைகளுக்கு இடையே இருக்கும் உறவில் இருக்கும்.

பதினாறு விதைகளையும் நாலுக்கு நாலாக அடுக்கினாள். மூன்று படங்கள் கற்றுக்கொடுக்க வேண்டும். முதல் படத்தில் இடது பாதி வெள்ளை, வலது பாதி கறுப்பு. இரண்டாவதில் மேல் பாதி வெள்ளை, கீழ் பாதி கறுப்பு. மூன்றாவது, சதுரங்கப் பலகை போல மாறி மாறி. இனி ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு படத்தில் இரண்டு விதைகளும் ஒரே நிறமாக இருந்தால் அவற்றுக்குள் ஒரு நட்புப் புள்ளி. வேறு நிறமானால் ஒரு பகைப் புள்ளி. மூன்று படத்துக்கும் கூட்டிக் கழித்தால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஓர் எண் வரும். நூற்றிருபது ஜோடி, மூன்று படம், முந்நூற்றறுபது ஒப்பீடு. இரண்டு நாளில் முடித்தேன். மூன்று தடவை சரிபார்த்தேன். பிழை இல்லை.

"ஒத்தப் பத்திரத்தக் காணோம்னு ஊரக் கூட்டுன மனுசன் இப்பப் புளியங்கொட்டைய எண்ணிக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று மனைவி அடுப்படியிலிருந்து யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆனால் அந்த ஆட்டம் என்னைப் பிடித்துக்கொண்டது. முதல் படத்தை அடுக்கி, இரண்டு விதைகளை வேண்டுமென்றே புரட்டிக் கெடுத்து வைப்பேன். பிறகு ஏதாவது ஒரு விதையைத் தொட்டு, மற்ற பதினைந்திடமும் யோசனை கேட்பேன். நண்பன் எந்த நிறமோ அந்த நிறமாக இரு. பகைவன் எந்த நிறமோ அதற்கு எதிராக இரு. புள்ளிகளைக் கூட்டி, எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் விதையைத் திருப்ப வேண்டும். பதினாறையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால், கெடுத்த படம் தானாகச் சரியாகிவிடும். எந்த இரண்டைப் புரட்டினாலும் சரியாகிவிடும். அதற்குப் பிறகு எந்த விதையைக் கேட்டாலும் "நான் இருக்கிற நிலையே சரி" என்று சொல்லும். எனக்கு என் பழைய கர்வமே திரும்பிவந்தது போல் இருந்தது. என் தலையும் இப்படித்தானே வேலை செய்கிறது!

நான்காம் நாள் மாலை ஐந்து மணிக்கு ஒரு மாறுதலுக்காக விதைகளைத் தாயம் போலக் குலுக்கித் தரையில் உருட்டினேன். வெள்ளை, கறுப்பு எப்படி விழுந்ததோ அப்படியே அடுக்கி, சுற்றிவந்தேன். படம் நிலைத்தது. ஆனால் அது நான் கற்றுக்கொடுத்த மூன்றில் ஒன்று இல்லை. மேல் இடது மூலையில் நான்கும் வெள்ளை. கீழ் வலது மூலையில் நான்கும் கறுப்பு. மற்ற இரண்டு மூலைகளும் சதுரங்கப் பலகை. கணக்கில் பிழை என்று நினைத்துத் திரும்பப் போட்டேன். பிழை இல்லை. ஒரு விதைகூடப் புரளவில்லை.

கல்லூரியிலிருந்து வந்த மருமகள் பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து பார்த்தாள்.

"அட, வந்திருச்சா! இதுக்காகத்தான் மாமா மூணு படம் வச்சேன்."

"இத நாம சொல்லித் தரலையே."

"யாருமே சொல்லித் தரல. மூணு படமும் சேந்து ஓட்டுப் போட்டதுல இது வந்திருக்கு. ஒவ்வொரு எடத்துலயும் மூணுல ரெண்டு படம் என்ன சொல்லுதோ அது நின்னிருக்கு. கலப்பட ஞாபகம். அளவுக்கு மேல படம் ஏத்துனா இன்னும் மோசமாயிரும். சுமாரா நூறு விதைக்குப் பதினாலு படம்னு வச்சுக்கங்க, அதுக்கு மேல தாங்காது. உங்க தலையில எண்ணூறு டோக்கன் வேற இருக்கு."

"பொய்யின்னு விதைக்குத் தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்? அதுக்கு எல்லாம் ஒண்ணுதான்."

அவள் காபி போடப் போய்விட்டாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விதையும் எத்தனை புள்ளி ஆதரவோடு நிற்கிறது என்று கணக்குப் போட்டேன். உண்மைப் படத்தில் பதினாறு விதைக்கும் ஆளுக்குப் பதின்மூன்று. இந்தக் கலப்படப் படத்தில் பன்னிரண்டு விதைகளுக்கு வெறும் ஐந்து. ஏதோ ஒப்புக்கு நிற்கின்றன. ஆனால் நான்கே நான்கு விதைகளுக்கு இருபத்தொன்று. உண்மைக்குக் கிடைக்காத ஆதரவு. நான் நோட்டை மூடிவிட்டேன். மழை, பேருந்து நிறுத்தம், தம்பி, பத்திரம். நான் கூடத்தில் நின்று தொண்டை கிழியச் சாதித்ததும் நான்கைத்தான்.

அன்று சாப்பிடும்போது, "ஒருவேள அவங்கிட்டக் குடுக்கலையோ?" என்றேன்.

மனைவி கரண்டியை அப்படியே நிறுத்தினாள். "இதக் கேக்க நாப்பத்தி மூணு வருசம் காத்திருந்தேன்" என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பத்து நான்கு. திருத்தவில்லை.

மருமகள்தான் வழி சொன்னாள். "பத்திரத்த எங்க குடுத்தோம்னு கேக்காதீங்க மாமா. அந்தக் கேள்வி எப்பவும் ஒரே குழியிலதான் போய் விழும். வேற ஒரு துண்டப் புடிச்சு ஆரம்பிங்க. அந்த மழையில எது சேராம நிக்குதுன்னு பாருங்க."

இரண்டு நாள் தேடினேன். சேராமல் நின்றது ஒன்றுதான். பத்திரத்தைக் கொடுத்துவிட்டுக் கையைப் பார்க்கிறேன். கட்டைவிரலில் ஊதா மை. இவ்வளவு நாளும் பதினோரு விவரங்களில் இதையும் ஒன்றாக எண்ணிப் பெருமைப்பட்டிருக்கிறேன். பேருந்து நிறுத்தத்தில், மழையில், மை ஏது? ரப்பர் ஸ்டாம்பு மை. அந்த மையிலிருந்து நகர்ந்தால் ஒரு மேசை. மேசையிலிருந்து ஒரு தகர நாற்காலி. நாற்காலிக்குப் பின்னால் ஆலையின் சங்கு. ஷிப்டு மாறி ஆள் இறங்கும் நேரம்.

மறுநாள் ஆலைக்குப் போனேன். ஆலைக்குள் தொழிலாளர் கடன் சங்கம் ஓர் அறையில் இன்னும் இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருந்த பெண் என் பெயரைக் கேட்டாள், பேரேட்டைப் புரட்டினாள், கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"பையன் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கீங்க. பத்திரம் ஈடு. ரிட்டையர் ஆனப்பக் கணக்குல கழிச்சாச்சு. பதினோரு வருசமா வந்து வாங்காம இருக்கீங்க. ரெண்டு லெட்டர் போட்டிருக்கோமே ஐயா?"

போட்டிருந்தார்கள். பிறகு வீட்டில் பார்த்தேன். இரண்டும் ‘பதில் வேண்டாதவை’ என்று நான் எழுதி வைத்த கோப்பில் பத்திரமாக இருந்தன.

"நீங்கதான அந்த டைம் கீப்பர்?" என்றாள். "ஒரு நிமிசம் லேட்டுன்னு எங்கப்பாவுக்கு அர நாள் சம்பளம் புடிச்சவரு."

"எத்தனாவது டோக்கன் உங்கப்பா?"

"வேணாம் ஐயா. கையெழுத்துப் போடுங்க."

பழைய பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது. பக்கத்திலேயே ஊதா முத்திரை, அதன் ஓரத்தில் என் கட்டைவிரல் கறை. புதிய கையெழுத்துப் போட்டு, வைப்புக் கட்டணம் கட்டி, பத்திரத்தை வாங்கிக்கொண்டு நேராக வடமதுரை பஸ் ஏறினேன்.

தம்பி வீட்டில் இல்லை. அல்லது இல்லை என்று சொல்லச் சொன்னான். தம்பி மனைவி வாசலில் நின்றபடி நான் சொன்னதைக் கேட்டாள். உட்காரச் சொல்லவில்லை. ஆனாலும் நான் கேட்டதற்குப் பதில் சொன்னாள். மழையில் பேருந்து நிறுத்தத்தில் நான் கொடுத்தது எங்கள் அப்பாவின் ஸ்கேன் படங்கள். தம்பி அவரை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதற்காக. உறையோடு இன்னும் அவள் பெட்டியில் இருக்கின்றன. இன்னொரு சமயம், நல்ல வெயிலில், அதே நிறுத்தத்தில் நான் தம்பியிடம் ஒரு பத்திரம் கொடுத்ததும் உண்மை. அது அவனுடைய மனைப்பத்திரம். நகல் எடுக்க நான் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தது. என் பத்திரத்தைச் சங்கத்தில் ஈடு வைத்த அன்றும் மழைதான் என்று பேரேட்டைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது. பக்கத்தின் ஓரம் நனைந்து எழும்பியிருந்தது.

ஆக, மழைக்கு இரண்டு ஓட்டு. நிறுத்தத்துக்கு இரண்டு ஓட்டு. தம்பிக்கு இரண்டு. பத்திரத்துக்கு இரண்டு. நால்வரும் வெற்றி பெற்று, நடக்காத ஒரு நாள் என் தலைக்குள் ஆட்சி அமைத்திருந்தது.

"தப்புத்தாம்மா. தம்பிகிட்டச் சொல்லிரு" என்றேன்.

"தப்பப் பதினேழு பேரு முன்னாடி பேசுனீங்க மாமா. சரிய மட்டும் வாசப்படியில வந்து எங்காதுல சொல்லிட்டுப் போறீங்களாக்கும்? அதே பதினேழு பேரக் கூட்டுங்க. அதே கூடத்துல சொல்லுங்க. அந்தப் பிள்ள சரியாச் சாப்புட்டு எத்தன நாளாச்சு தெரியுமா?"

எத்தனை நாள் என்று எனக்குத் தெரியும். பதினாறு.

பதினேழில் ஒன்பது பேர் ஆயக்குடிக்காரர்கள். அவர்கள் வர வேண்டுமே. மனைவியோடு வாடகைக் காரில் ஆயக்குடிக்குப் போனேன். தோப்புக்குள்ளேயே வீடு. மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாக வரவேற்று, நாற்காலி போட்டார். நான் பத்திரத்தைக் காட்டினேன். தம்பி மீது குற்றம் இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் படித்தவன், நிறுத்தவில்லை.

"நான் மறந்துட்டேன்னு நெனைக்காதீங்க. மறந்திருந்தாப் பரவால்ல. நடக்காத ஒண்ண நல்லா ஞாபகம் வச்சிருந்தேன்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து பதினாறு புளியங்கொட்டைகளை எடுத்து அவர் முன்னால் இருந்த மேசையில் அடுக்கினேன். இருபத்தைந்து நிமிடம் விளக்கினேன். மனைவி மூன்று முறை என் முழங்கையில் இடித்தாள். அவர் கொட்டைகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

"ஏனுங்க, தப்பா எடுத்துக்காதீங்க. பத்திர வெவகாரம்னாப் பேசித் தீத்துக்கலாமுங்க. இது மண்டைக்குள்ள கோளாறுன்னு சொல்றீங்க. இது ரத்தத்துல வருமுங்களா? உங்க தம்பிக்கும் இருக்குமுங்களா? பொண்ணுக்கு?"

திருட்டுப் பட்டத்தை நீக்கப் போய், குடும்பம் முழுவதற்கும் பைத்தியப் பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டேன். தம்பி மகளின் கல்யாணத்தை இரண்டாவது முறையாக நான் கெடுத்துக்கொண்டிருந்தேன். இந்த முறை கையில் படிப்போடு.

"இவரு ஒருத்தருக்குத்தாங்க. பிள்ளைக்கெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள் என் மனைவி. "எண்ணி எண்ணியே வந்தது."

அவருக்கும் மனம் கேட்கவில்லை போலிருக்கிறது. "பொண்ணு நல்ல பொண்ணுங்க. உங்க தம்பியும் என்ன மரியாதைங்க! அன்னிக்கு நீங்க பேசறக்கு முன்னால கேசரி, பஜ்ஜின்னு எப்பிடிக் கவனிச்சாரு. கேசரில முந்திரி கூட அள்ளிப் போட்டிருந்தாங்க. அப்பிடிப்பட்ட எடத்த விட மனசே இல்லீங்க" என்றார்.

எனக்குள் டைம் கீப்பர் விழித்துக்கொண்டார். அன்று கூடத்துக்கு வந்தது பதினேழு காபி. வேறு ஒரு தட்டும் வரவில்லை.

"கேசரி வரலைங்களே."

"வந்துச்சுங்க. நான் சாப்புட்டேனுங்க."

உள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "எங்கீங்க சாப்புட்டீங்க? காப்பியப் பாதில வச்சுட்டு எந்திரிச்சு வந்தமில்ல. பசிக்குதுன்னு ஒட்டன்சத்திரத்துல காரை நிறுத்தி நாலு தோசை தின்னது யாருங்க?"

அவர் நாக்கால் பல்லைத் துழாவினார். "முந்திரி பல்லுல கடிபட்டதுகூட ஞாபகம் இருக்குதுங்க" என்றார் மெதுவாக.

"எந்த வீட்டு முந்திரியோ! இதுக்கு முன்னால பெரியவனுக்குப் பொண்ணுப் பாக்க ரெண்டு வீடு ஏறி எறங்குனமே" என்றபடி அந்த அம்மாள் வெளியே வந்தார்.

என் முழங்கையில் மனைவியின் விரல்கள் அழுந்தியிருந்தன. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, மேசையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்தார். ஒரு பக்கம் பார்த்தார். திருப்பி மறுபக்கம் பார்த்தார்.

"அப்ப எனக்கும் இருக்குதுங்களா இது?"

"எல்லாருக்கும் இருக்குங்க."

அவர் தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். "அப்பச் சரியாப் போச்சுங்க. ரெண்டு பக்கமும் இருந்தா அதும் ஒரு பொருத்தந்தானுங்களே" என்றார். போகும்போது இரண்டு பெட்டி கொய்யாவைக் காரில் ஏற்றினார். பணம் வேண்டாம் என்றார். நான் கணக்கு இல்லாமல் எதையும் வாங்குவதில்லை என்று கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அவர் விலையைக் குறைக்கவில்லை.

ஐப்பசி வளர்பிறையில் ஒரு ஞாயிறு, அதே கூடம். வீட்டுக்காரர்கள் எட்டுப் பேர் கணக்குச் சரி. ஆயக்குடிக்காரர்கள் எட்டுப் பேர்தான் இறங்கினார்கள். பாலசமுத்திரத்திலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளையின் மாமா பின்னால் பஸ்ஸில் வருகிறாராம். பதினேழு சேராமல் பேச மாட்டேன் என்று நான் உட்கார்ந்துவிட்டேன். எல்லாரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பத்து நிமிடம் ஆயிற்று. கூடத்தின் மறு ஓரத்திலிருந்து என் தம்பி, சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். பல வாரங்களுக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் வார்த்தை.

"அண்ணே, ஆரம்பிங்க. நல்ல நேரம் போகுது. அவருக்கு நான் சொல்லிக்கிறேன்."

எழுந்தேன். பேச எழுதி வைத்திருந்த நாற்பத்தாறு வரிகள் சட்டைப்பையில் இருந்தன. எடுக்கவில்லை. "அன்னிக்கு நான் சொன்னது நடக்கவே இல்ல. பத்திரத்த நாந்தான் ஆலையில அடகு வச்சு, வாங்காம விட்டிருக்கேன். எந்தம்பி அதத் தொட்டதே இல்ல. அவன் மேல பழி போட்டது என் தப்பு" என்றேன். எத்தனை சொற்கள் என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து, பெண்ணை உட்கார வைத்து, தலையில் பூ வைத்தார். பெண் எழுந்ததும் முதலில் என் காலில்தான் விழுந்தாள். எனக்கு அதற்குத் தகுதி இல்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆசீர்வாதம் செய்தேன்.

சாப்பாடு என் செலவு என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தேன். பெண்ணுக்குப் புடவையும் என்னுடையது. பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு, தம்பி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தான். வெற்றிலையை மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"எழுதி வச்சிருப்பீங்களே. எல்லாஞ் சேத்து எம்புட்டு ஆச்சுண்ணே?"

நோட்டைப் பார்க்கத் தேவையில்லை, அப்படியே சொன்னேன். வாடகைக் கார் இரண்டாயிரத்து எண்ணூறு, கொய்யா ஆயிரத்து நூறு, சாப்பாடு மூவாயிரத்து அறுபது, பூவும் பழமும் அறுநூற்று நாற்பது, புடவை எட்டாயிரத்து எழுநூற்றைம்பது, சங்கத்துக்குக் கட்டியது இருநூற்றிருபது, பஸ் நூற்று நாற்பத்தெட்டு. மொத்தம் பதினாறாயிரத்து எழுநூற்றுப் பதினெட்டு ரூபாய்.